ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ

என் தங்கை வீட்டுக்காரரை அந்தக் காட்டு விடுதியில் எல்லோரும் பாம்புக்காது என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே ஜீப் ஓட்டுநர். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் போய், விலங்குகளைக் காட்டி, முழுசாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. மற்ற ஓட்டுநர்கள் கண்ணை நம்பி ஓட்டினார்கள் என்றால் இவர் காதை நம்பி ஓட்டினார். எங்கோ ஒரு குரங்கு மிரண்டு கத்தும். உடனே என்ஜினை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்ப்பார். "சிறுத்தை ஓடைப் பக்கமா இறங்குது" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். அவர் ஜீப்பில்தான் ஏறுவோம் என்று விருந்தாளிகள் அடம்பிடித்த காலம் உண்டு. எனக்கும் கொஞ்சம் தலை நிமிரும், தங்கையைக் கொடுத்த இடமாயிற்றே.

அந்தக் காதைத் தின்றதும் அதே விடுதிதான். மழை மாதங்களில் விருந்தாளிகள் வரமாட்டார்கள், யானைகள் வரும். சமையலறைக் கழிவின் வாசனைக்கு வேலியை மிதித்துக்கொண்டு வந்து நிற்கும். அவற்றை விரட்ட வேட்டுப் போட வேண்டும். ஓட்டுநர்களுக்கு அப்போது வேறு வேலை கிடையாது, சும்மா உட்காரவைத்துச் சோறு போட எந்த முதலாளிக்கு மனசு வரும்? பற்றவைத்து எறிகிற வேட்டு, சில சமயம் கையை விட்டுப் போனதுமே வெடித்துவிடும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சுகூடத் தரவில்லை. முதலில் உய்யென்று ஓர் இரைச்சல் வந்தது. பிறகு பறவைகள் போயின, பிறகு மகள் பேசுவது போனது. கடைசியில் ஒரு மழைக்காலம் முடிந்தபோது முதுகுக்குப் பின்னால் நின்று தகரத்தைத் தட்டினாலும் திரும்பவில்லை.

டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "நரம்பு போயிடுச்சு. மெஷின் வச்சா சத்தம் கேக்கும், பேச்சு புரியுமான்னு சொல்ல முடியாது" என்றார் அவர். வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், இது வெளிய தெரியக் கூடாது."

"மெஷினாவது வாங்கிக்குங்க மாப்ள."

"மெஷின் மாட்டின பாம்புக்காதா? பாத்தா சிரிப்பாங்க. சிரிச்சாப் பரவாயில்ல, அனுப்பிருவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவரோடு அங்கே ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. விஷயம் தெரிந்த வாரமே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். சட்டி பானையோடு அந்தக் குடும்பம் கேட்டுக்கு வெளியே நின்றதை என் தங்கை தன் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவள். வேலை போனால் வீடு போகும். வீடு போனால், விடுதி வண்டியில் மகள் போய்வரும் பள்ளிக்கூடமும் போகும். இத்தனையும் ஒரு ஜோடிக் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் தங்கை சும்மா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. சின்ன வயதிலிருந்தே வாயாடி, மூளைக்காரி. பஸ்ஸில் நடத்துனர் தகரத்தைத் தட்டித்தானே ஓட்டுநரை நடத்துகிறார், அதையே பிடித்துக்கொண்டாள். ஒரு தட்டு நில், இரண்டு தட்டு போ. சீட்டின் இடது ஓரத்தில் தட்டினால் இடப்பக்கம் விலங்கு, வலது ஓரத்தில் தட்டினால் வலப்பக்கம். ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து விலங்கு பார்த்துச் சொல்ல ஓர் ஆள் உண்டு, ஒல்லி என்று பெயர். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உடன்பிறந்த தம்பியைப் போலக் கெஞ்சிப் பேசிச் சரிக்கட்டினாள். ஒல்லி தட்டுவான், மாப்பிள்ளை முதுகால் கேட்பார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒல்லி கீழே இறங்கி நின்று தட்டுவான். உள்ளே இருக்கிற கண்ணாடியை மாப்பிள்ளை ரோட்டைப் பார்க்க வைக்கவில்லை, விருந்தாளிகளின் முகத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டார். அவர்களுடைய உதட்டைப் படித்துப் பதில் சொல்வார். இப்படியே ஒரு சீசன் ஓடிவிட்டது, ஓர் ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை.

வீட்டிலும் பழகிவிட்டார்கள். யாரும் அவரைப் பின்னாலிருந்து கூப்பிடமாட்டார்கள். தங்கை குதிகாலால் தரையில் ஒரு மிதி மிதிப்பாள், அவர் திரும்புவார். புருஷன் பெண்டாட்டிச் சண்டை வந்தால் மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார், அதோடு வழக்கு முடிந்தது. "எந்தப் புருஷனுக்கும் கிடைக்காத வரம்" என்று நான் சொல்வேன். தங்கை கரண்டியை எடுத்துக்கொண்டு என்னை அடிக்க வருவாள். உதட்டைப் படித்துவிட்டு மாப்பிள்ளையும் சிரிப்பார், ஒரு நொடி தாமதமாக.

அந்த விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எளிமைக்குப் பெயர் போன இடம். அந்த எளிமையை வாங்க நம்மைப் போன்றவர்கள் சொத்தை விற்க வேண்டும். மரக்கட்டையால் கட்டியது போல இருக்கும், தட்டிப் பார்த்தால் சிமெண்ட். அரிக்கேன் விளக்கு தொங்கும், உள்ளே பல்பு. கூரையில் வைக்கோல், வைக்கோலுக்குக் கீழே தகரம், தகரத்துக்குக் கீழே ஏசி. கூரையே இல்லாத ஒரு குளியலறை வேறு, வானத்தைப் பார்த்துக் குளிக்கலாமாம். சுற்றுச்சுவருக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் குவார்ட்டர்ஸிலும் சில அறைகளில் வானம் தெரியும். அதற்கு யாரும் மெச்சிக்கொண்டதில்லை.

ஒவ்வொரு வருஷமும் சீசன் திறப்பதற்கு முந்தின சனி ஞாயிறு அங்கே ஓர் ஒத்திகை நடக்கும். நிஜ விருந்தாளிகள் வருவதற்குள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வேலைக்காரர்களின் குடும்பங்களையே விருந்தாளிகளாகக் கூப்பிட்டு அறை கொடுத்து, சாப்பாடு போட்டு, ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். மேனேஜர் கூடவே இருந்து குறை கண்டுபிடிப்பார். குறை கண்ட இடத்தில் ஆளை மாற்றுவார். அந்த வருஷம் முறை மாப்பிள்ளை குடும்பத்துக்கு வந்தது. ஜீப் நிறைய வேண்டும் என்று தங்கை என்னையும் கூப்பிட்டாள். நான் டயர் கடை வைத்துப் பஞ்சர் ஒட்டுகிறவன், ஒண்டிக்கட்டை. கடையைச் சாத்திவிட்டு, இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலிலேயே மேனேஜர் எங்களுக்குச் சட்டம் சொன்னார். நறுவிசான மனிதர், குரல் உயர்த்திப் பேசமாட்டார்.

"இந்த ரெண்டு நாளும் நீங்க விருந்தாளிங்க. யாரும் யாருக்கும் சொந்தம் கிடையாது. பாப்பா, நீ அவரை அப்பான்னு கூப்பிடக் கூடாது. டிரைவர் சார். எங்க, சொல்லு?"

"டிரைவர் சார்" என்றாள் மகள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. மாப்பிள்ளை தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னார். அவளுக்கு அது பெரிய விளையாட்டாக இருந்தது. சனிக்கிழமை முழுக்க டிரைவர் சார், டிரைவர் சார் என்று அவர் முகத்துக்கு முன்னால் போய் நின்று கூப்பிட்டபடியே இருந்தாள். என் தங்கை அவள் வாழ்நாளில் முதல் தடவையாக இன்னொருவர் போட்ட காபியைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு குடித்தாள். வானம் பார்த்துக் குளித்துவிட்டு வந்து, "அண்ணா, வெட்கமாத்தான் இருந்துச்சு, ஆனா நல்லா இருந்துச்சு" என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் ஏறப் போனபோதுதான் சிக்கல் வந்தது. ஒல்லியைச் சாப்பாட்டுக் கூடத்து ஒத்திகைக்கு அனுப்பிவிட்டு அவனுடைய பின் இருக்கையில் மேனேஜரே ஏறிக்கொண்டார். "நான் பின்னால உக்காந்து எல்லாத்தையும் பாக்கறேன்" என்றார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. என் தங்கை ஒரு கணம்தான் யோசித்தாள். போய் ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். சீட்டின் முதுகில் பாதத்தை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். மாப்பிள்ளையின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

அவள் அன்று அந்த ஜீப்பை ஓட்டினாள் என்றே சொல்வேன். வலப்பக்கம் புதரில் மான் காது அசைந்தால் வலது ஓரத்தில் கால் தட்டியது, ஜீப் வேகம் குறைந்தது. மேனேஜர் "கொஞ்சம் நிறுத்துப்பா" என்று பின்னாலிருந்து சொன்னார், சொல்லி முடிப்பதற்குள் ஒரு தட்டு, வண்டி நின்றது. நீர்நிலை ஓரத்தில் குட்டியோடு ஒரு யானை நின்றிருந்தது. அதன் வயிறு உறுமுவது எங்களுக்குக் கேட்டது. தங்கை ஓசைப்படாமல் சீட்டில் காலை வைத்து மெல்ல மெல்ல அதிரவைத்தாள். அந்தச் சத்தத்தை அவருக்குக் கடத்தினாள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

"பாம்புக்காதுன்னா பாம்புக்காதுதான்" என்றார் மேனேஜர். "இந்த வருஷமும் பெரிய விருந்தாளிங்களை உனக்கே தரேன்." தங்கை கண்ணாடியில் மாப்பிள்ளைக்குத் தெரியும்படி அதை உதட்டால் திருப்பிச் சொன்னாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். இன்னும் மிச்சமிருந்தது ஒரு தேநீரும் வீட்டுக்குப் போகிற வழியும்தான்.

மேட்டின் மேல் வெட்டவெளியில் தேநீருக்கு நிறுத்தினோம். மடக்கு மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பீங்கான் கோப்பைகளில் தேநீர். காட்டுக்குள் பீங்கான் எதற்கு என்று கேட்கக் கூடாது, அதுதான் எளிமை. குடித்து முடித்து எல்லாவற்றையும் மடித்து வைத்தோம். மாப்பிள்ளை ஏறி என்ஜினைப் போட்டார். முன்னால் பள்ளம், வண்டியைப் பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஒல்லி இருந்தால் இறங்கி நின்று தட்டுவான். அவன் இல்லாததால் தங்கை அந்த வேலைக்காகப் பின்பக்கம் போனாள். தட்டுவதற்கு முன்னால், ஒரு கோப்பை உருண்டு பின் சக்கரத்தின் ஓரம் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். வேலைக்காரர் குடும்பத்துப் பெண், உடைந்தால் யார் தலையில் விழும் என்று தெரிந்தவள். குனிந்தாள்.

அதே நேரம் மேனேஜர் பக்கவாட்டிலிருந்து மடக்கு மேஜையைத் தூக்கி ஜீப்புக்குள் போட்டார். டொம். அதன் மேல் தேநீர்ப் பெட்டியைப் போட்டார். டொம்.

இரண்டு தட்டு.

ஜீப் பின்னால் நகர்ந்தது. நான் கத்தினேன். மேனேஜர் கத்தினார். தங்கை கத்தியது தனியாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே மகள், அத்தனை நேரம் டிரைவர் சார் என்று கூப்பிட்டவள், "அப்பா! அப்பா!" என்று அலறினாள். மேட்டில் இருந்த பறவையெல்லாம் எழுந்து பறந்தது. எங்கள் மாப்பிள்ளை மட்டும், பின்னால் தன் பெண்டாட்டி நிற்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நிம்மதியில் வண்டியை எடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய் முன்கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தேன். என் வாயைப் பார்த்ததும் நிறுத்தினார். அதற்குள் சக்கரம் அவள் காலில் ஏறிவிட்டிருந்தது.

எனக்கு டயர் தெரியும், ஜாக்கி தெரியும். எத்தனையோ வண்டியைத் தூக்கியிருக்கிறேன். அன்று அந்த ஜீப்பையும் நான்தான் தூக்கினேன். முழங்காலுக்குக் கீழே இருந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மாப்பிள்ளை மண்டியிட்டு அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல், "தட்டினியே, தட்டினியே" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்க இவ்வளவு கத்தினோமே, உனக்குக் கேக்கலையா?" என்று கேட்டார். மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, கேள்வி காற்றோடு போயிற்று. பதில் சொன்னது என் தங்கைதான். அந்த வலியில், அந்த ரத்தத்தில், எங்கிருந்து வந்ததோ அந்த மூளை.

"நான்தான் சார் வா வான்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே பின்னால வந்தேன், கால் வழுக்கிடுச்சு. அவர் மேல தப்பில்ல. நான்தான் வரச் சொன்னேன்."

மேனேஜர் அவளுக்குப் பத்தடி தூரத்தில் நின்றிருந்தவர். அவள் குனிந்து கோப்பையை எடுத்ததைப் பார்த்தவர். "சரி, அப்படியா" என்றார். அப்படித்தான் முதலாளிக்குச் சொன்னார், அப்படித்தான் ஆஸ்பத்திரியிலும் சொன்னார். விருந்தாளி கவனக்குறைவாக நின்றுவிட்டார் என்றால் விடுதிக்கும் ஒரு தொல்லை இல்லை. வேலையும் வீடும் பள்ளிக்கூடமும் அப்படியே இருந்தன. என் தங்கையின் இடது காலை முழங்காலோடு எடுத்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே சீசன் திறந்துவிட்டது. மாப்பிள்ளை காலையில் ஜீப் ஓட்டினார், சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒல்லி பின்னாலிருந்து தட்டினான். ஒவ்வொரு தடவை இரண்டு தட்டு விழும்போதும் இவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, வண்டியை எடுக்கக் கால் வரமாட்டேன் என்கிறது என்று ஒல்லி என்னிடம் சொன்னான். விருந்தாளிகள் அதை, ஏதோ மிருகத்தின் சத்தத்தைக் கூர்ந்து கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார்களாம். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததற்காக என் மேலேயே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

தங்கை ஊன்றுகோலோடு வீடு திரும்பிய பிறகு ஒருநாள் மத்தியானம் மாப்பிள்ளை என் கடைக்கு வந்தார்.

"மச்சான், நான் மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். என்னால இனிமே முடியாது. நாளைக்கு யாரோ ஒரு குழந்தை வண்டிக்குப் பின்னால நிக்கும். நீங்க கூட வாங்க. அவர் சொல்றது எனக்குப் புரியலன்னா நீங்க சொல்லணும்."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா?"

கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன். வீடு போனால் என் கடைக்குப் பின்னாலிருக்கிற அறையில் நால்வரும் இடித்துக்கொண்டு கிடப்போம், கிடந்தால் போகிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் ரோட்டைப் பார்த்து நடந்ததால் ஒரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

மேனேஜர் அறையில் அவர் உட்காரவில்லை. நின்றபடி, அறை அதிரும் குரலில் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது சார். சுத்தமாக் கேக்காது. அவ பொய் சொன்னா. நான்தான் ஏத்தினேன். வேற ஆளைப் போட்டுக்குங்க."

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மாப்பிள்ளைக்கு நேர் எதிரே, முகத்துக்கு முகம் நின்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, உதட்டை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேசினார். அவர் வாயைத் திறந்த விதத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஆளுக்கு எப்படிப் பேசினால் புரியும் என்று அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். காது கேக்காத ஆளை ஓட்ட விட்டேன்னு நான் போய் முதலாளிகிட்ட சொல்லணுமா? இத்தனை விருந்தாளிங்களை ஏத்தி அனுப்பினேனே, அதுக்கு நான் பதில் சொல்லணுமா? நீ நின்னுட்டா ஏன் நின்னான்னு கேப்பாங்க. தோண்டுவாங்க. கேஸாகும். வண்டி ஓட்டினது நீ, பொய் சொன்னது உன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் உள்ள போனா குழந்தையை யார் பாக்கறது? அவங்க சொன்னதுதான் நடந்தது. நாளைக்குக் காலைல வண்டி எடு."

கடைசியில் மாப்பிள்ளையின் தோளில் தட்டிக்கொடுத்தார். டயர் கழற்றும் கடப்பாரை கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்கமாட்டேன். அந்த ஆள் சொன்னதில் ஓட்டை எங்கே என்று நானும் தேடிக்கொண்டுதான் நின்றேன், கிடைக்கவில்லை. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினோம். தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாங்கள் ஆபீஸுக்குள் போனதை யாரோ பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள். ஊன்றுகோலைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"மேனேஜர் எதுக்குக் கூப்பிட்டாராம்? கண்டுபிடிச்சிட்டாரா? போகச் சொல்லிட்டாரா?"

மாப்பிள்ளை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"இல்ல. வேலை இருக்கு. நாளைக்கும் என்னைத்தான் எடுக்கச் சொல்றாரு."

"நிஜமாவா? அண்ணா, நிஜமா?"

"நிஜந்தான்" என்றேன்.

அவள் ஊன்றுகோலை விட்டாள். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.

"அப்பாடா. அப்ப என் கால் வீணாப் போகல."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முகம் அவருக்கு நேராக இருந்தது. ஒரு சொல் விடாமல் படித்துவிட்டார்.